லாபம் வந்தும் பங்கு ஏன் விழுந்தது? தயாரிப்பு முடிவுகளும் முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பும்

2022 ஏப்ரல் 20 அன்று நெட்ஃபிளிக்ஸ் பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ 35 சதவீதம் சரிந்தது. 5,000 கோடி டாலருக்கும் மேலான மதிப்பு சில மணி நேரத்தில் கரைந்துபோனது. ஆனால் முந்தைய நாள் மாலை அந்த நிறுவனம் வெளியிட்ட கணக்கில் நட்டம் எதுவும் இல்லை. அந்த மூன்று மாதங்களில் சுமார் 160 கோடி டாலர் நிகர லாபம் வந்திருந்தது. வருவாயும் முந்தைய ஆண்டைவிடப் பத்து சதவீத அளவுக்கு உயர்ந்திருந்தது.

அன்று இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு எழுந்தது. நிறுவனத்தின் கதை முடிந்துவிட்டது என்றார்கள் சிலர். லாபம் காட்டும் நிறுவனத்தை இப்படித் தண்டிக்கிறதே, சந்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். புதிதாக முதலீட்டுச் செய்திகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுதான். அதனால் இதை அடியிலிருந்து, பொறுமையாக விளக்க விரும்புகிறேன்.

விலைக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

எப்போதும் 95 மதிப்பெண் வாங்கும் மாணவி ஒரு தேர்வில் 88 வாங்கினால், என்ன ஆயிற்று என்று வீட்டில் கேட்பார்கள். 45ஐத் தாண்டாத மாணவன் 60 வாங்கினால் அந்த வீட்டில் கொண்டாட்டம். 60ஐவிட 88 பெரிய எண் என்பது இங்கே யாருக்கும் பொருட்டில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

பங்குச் சந்தை இந்த வீடுகளைப் போன்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அது பெரிய வேறுபாடு. பெற்றோர் எதிர்பார்ப்புக்காகக் காசு கொடுப்பதில்லை. முதலீட்டாளர் கொடுக்கிறார். பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு துண்டு. அதை வாங்குகிறவர் அந்த நிறுவனம் இனிமேல் ஈட்டப்போகும் லாபத்தில் பாத்தியதை பெறுகிறார். நேற்றுவரை ஈட்டியது நிறுவனத்தின் வலிமைக்குச் சான்று. விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நாளை வரப்போவது. இந்த மாணவி 95 வாங்குவாள் என்று நம்பி அதற்கேற்ற விலையைக் கொடுத்துவிட்டவருக்கு 88 என்பது இழப்பு.

அந்த எதிர்பார்ப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. நிறுவனங்கள் பலவும் தாமே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அடுத்த காலாண்டில் இவ்வளவு வரும் என்று ஒரு மதிப்பீட்டை வெளியிடுவது வழக்கம். அதற்கு வழிகாட்டுதல் என்று பெயர். 2022இன் முதல் காலாண்டில் 25 லட்சம் புதிய சந்தாதாரர்கள் சேர்வார்கள் என்பது நெட்ஃபிளிக்ஸின் வழிகாட்டுதல். நடந்தது என்னவென்றால், 2 லட்சம் பேர் குறைந்தார்கள். ரஷ்யாவிலிருந்து வெளியேறியதால் மட்டும் 7 லட்சம் பேர் போனார்கள் என்று நிறுவனம் விளக்கியது. அந்த 7 லட்சத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் வளர்ச்சி 5 லட்சம்தான். அடுத்த காலாண்டில் மேலும் 20 லட்சம் பேர் குறையலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பங்கின் விலை எதிர்காலத்தைப் பற்றிய ஒரு நம்பிக்கையின் விலை. கணக்கு வெளியாகும் நாளில் அந்த நம்பிக்கை கூடியதா குறைந்ததா என்பதற்கேற்ப விலை நகர்கிறது.

அப்படியும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 22 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் கொண்ட நிறுவனத்தில் 2 லட்சம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு போக வேண்டும்? இதற்கு விடை அந்த நிறுவனம் தன் பொருளை எப்படி விற்கத் தீர்மானித்தது என்பதில் இருக்கிறது.

தயாரிப்பு உத்தி என்றால் என்ன?

எதை உருவாக்குவது, யாருக்காக உருவாக்குவது, அவர்களிடம் எந்த வழியில் பணம் வாங்குவது, எதைச் செய்யாமல் விடுவது ஆகிய முடிவுகளின் மொத்தம்தான் தயாரிப்பு உத்தி. பலரும் இதைப் புதுப் பொருள் அறிமுக விழாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். விழா ஒரு நாளில் முடிந்துவிடும். பணம் வாங்கும் வழி பல ஆண்டுகள் நிற்கும். முதலீட்டாளரைப் பொறுத்தவரை இதுவே கனமானது.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

ஒரு வீட்டை விற்றால் மொத்தப் பணமும் இன்றே கைக்கு வருகிறது. வாடகைக்கு விட்டால் முதல் ஆண்டில் வருவது சொற்பம். ஆனால் குடியிருப்பவர் நீடித்தால் வந்துகொண்டே இருக்கும். மென்பொருள் நிறுவனங்கள் பலவும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் முதல் வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு மாறின.

எளிதான எண்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மென்பொருளின் விலை 600 டாலர், ஒருமுறை வாங்கினால் போதும். அதையே மாதம் 20 டாலர் சந்தாவுக்குத் தருகிறார்கள் என்றால் முதல் ஆண்டில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைப்பது 240 மட்டும். பழைய 600ஐ எட்ட முப்பது மாதங்கள் ஆகும். ஆகவே மாறுகிற ஆண்டில் கணக்குப் புத்தகம் மோசமாகத்தான் தெரியும்.

அடோபி நிறுவனத்துக்கு இதுதான் நேர்ந்தது. தன் வடிவமைப்பு மென்பொருள்களை இனிப் பெட்டியில் விற்கப்போவதில்லை, புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று 2013 மே மாதம் அறிவித்தது. பயனர்கள் பலர் கொதித்தார்கள். அந்த நிதியாண்டில் வருவாய் சுமார் 440 கோடி டாலரிலிருந்து 405 கோடிக்கு இறங்கியது. நிகர லாபம் 83 கோடியிலிருந்து 29 கோடியாகச் சுருங்கியது. பங்கின் விலையோ 2013ஆம் ஆண்டில் பாதிக்கு மேல் ஏறியது.

லாபம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோது விலை எப்படி ஏறும்? நெட்ஃபிளிக்ஸ் புதிரை அப்படியே திருப்பிப் போட்டால் கிடைப்பது இந்தக் கேள்வி. அடோபி தன் முதலீட்டாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டது: சில காலம் லாபத்தைப் பார்க்காதீர்கள், சந்தாதாரர் எண்ணிக்கையையும் ஆண்டுத் தொடர் வருவாயையும் பாருங்கள். தொடர் வருவாய் என்பது இப்போதைய சந்தாக்கள் நீடித்தால் ஓராண்டில் வந்து சேரும் தொகை. அந்த எண்களைக் காலாண்டு தவறாமல் வெளியிட்டது, அவை ஏறிக்கொண்டே போயின. முதலீட்டாளர்கள் புதிய அளவுகோலை ஏற்றுக்கொண்டார்கள். 2024 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் வருவாய் 2,100 கோடி டாலரைத் தாண்டியது.

தயாரிப்பு உத்தி எதிர்பார்ப்பை உருவாக்குவது இந்த வழியில்தான் என்று நான் நினைக்கிறேன். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை அது முதலீட்டாளருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சொல்லிக்கொடுத்த பிறகு, அந்த எண்ணுக்கு நிறுவனமும் கட்டுப்பட்டுவிடுகிறது.

இப்போது வாடகை வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே வருமானத்தைத் தீர்மானிப்பது குடியிருப்பவர் எத்தனை காலம் இருப்பார் என்பது. சந்தா வணிகத்தில் ஒரு மாதத்தில் எத்தனை சதவீதம் பேர் வெளியேறுகிறார்கள் என்பதை விலகல் விகிதம் என்கிறார்கள். மாதம் 2 சதவீதம் பேர் விலகினால் ஒரு சந்தாதாரர் சராசரியாக 50 மாதங்கள் இருப்பார். நம் கற்பனை மென்பொருளில் அவர் மொத்தம் 1,000 டாலர் தருவார். விலகல் 4 சதவீதமானால் அவர் இருப்பது 25 மாதங்கள், தருவது 500 டாலர். பெட்டியில் 600க்கு விற்றிருந்தாலே மேல் என்று ஆகிவிடும். 2க்கும் 4க்கும் இடையில் மொத்த வணிகத்தின் பொருளே மாறிவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் அந்த 2 லட்சம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது விளங்கும். அத்தனை பேரின் பணம் போனது முதலீட்டாளருக்கு ஒரு பொருட்டே இல்லை. பத்தாண்டுக்கும் மேலாக ஏறிக்கொண்டே வந்த கோடு முதன்முறையாகக் கீழே வளைந்திருந்தது. ஆண்டுதோறும் இன்னும் பல கோடிப் பேர் சேர்வார்கள், நீடிப்பார்கள் என்று கணக்கிட்டு விலை கொடுத்தவர்கள், ஒருவேளை இதுதான் உச்சமோ என்று நினைக்க வேண்டியதாயிற்று.

சுருக்கமாக: ஒருமுறை விற்கும் நிறுவனத்தில் கேள்வி இந்தக் காலாண்டில் எவ்வளவு விற்றது என்பது. சந்தா நிறுவனத்தில் கேள்வி எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் நீடிக்கிறார்கள் என்பது.

தொழில்நுட்பத்தில் எதிர்காலம் ஏன் இவ்வளவு கனக்கிறது?

மென்பொருளை முதன்முறை உருவாக்கப் பெருஞ்செலவாகும். பிறகு இன்னொருவருக்குக் கொடுக்க ஏறக்குறைய செலவே இல்லை. ஆகையால் ஆரம்பத்தில் நட்டமும், வெற்றி பெற்றால் பின்னாளில் மிகப் பெரிய லாபமும் இத்துறையின் இயல்பு. விலையின் பெரும்பகுதி தொலைவில் இருக்கும் ஆண்டுகளை நம்பி நிற்கிறது.

தொலைவில் இருக்கும் பணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து வரப்போகும் 100 டாலருக்கு இன்று எவ்வளவு கொடுக்கலாம்? வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 2 சதவீதம் வட்டி கிடைக்கும் என்றால், இன்று சுமார் 67 டாலரைப் போட்டு வைத்தால் அது 100 ஆகிவிடும். ஆகவே 67 கொடுக்கலாம். வட்டி 5 சதவீதமானால் இன்று 38 டாலர் போட்டாலே போதும். அதே 100, அதே இருபது ஆண்டு, ஆனால் இன்றைய மதிப்பு ஏறத்தாழப் பாதி. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியபோது தொழில்நுட்பப் பங்குகள் மற்றவற்றைவிட அதிகம் அடிவாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லாத நிறுவனங்களும் விழுந்தன. எனவே ஒரு பங்கு விழுந்தால் அந்த நிறுவனத்தின் பொருளில்தான் கோளாறு என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

காத்திருக்கச் சொல்லும் உரிமை

நீண்ட காலம் காத்திருங்கள் என்று முதலீட்டாளரிடம் சொல்வது எளிது. அதை அவர்கள் ஏற்பதற்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும்.

அமேசான் 1997ஆம் ஆண்டுக்கான தன் முதல் பங்குதாரர் கடிதத்திலேயே, உடனடி லாபத்தைவிட நீண்டகால வளர்ச்சிக்கே முன்னுரிமை தருவோம் என்று அறிவித்தது. அதே கடிதத்தைப் பின்வந்த ஆண்டுகளின் கடிதங்களோடும் இணைத்துக்கொண்டே வந்தது. அதனால் துன்பம் வராமல் இல்லை. 1999 இறுதியின் உச்சத்திலிருந்து 2001க்குள் அதன் பங்கு 90 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. ஆனாலும் அவசர லாபம் தேடும் முதலீட்டாளர்கள் இங்கே வரவேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. வந்தவர்கள் அதைத் தெரிந்தே வந்தவர்கள்.

அந்தப் பொறுமையின் நிழலில் வளர்ந்தது அமேசானின் மேகக் கணிமை வணிகம். பிற நிறுவனங்களுக்குக் கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் இணையத்தின் வழியே வாடகைக்கு விடுவதுதான் மேகக் கணிமை. 2006இல் தொடங்கிய அந்தச் சேவையின் வரவுசெலவை நிறுவனம் 2015 ஏப்ரலில்தான் முதன்முறையாகத் தனியே காட்டியது. ஒரு காலாண்டில் 157 கோடி டாலர் விற்பனை, அதில் 26.5 கோடி செயல்பாட்டு லாபம், அதாவது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம். மறுநாள் பங்கு 14 சதவீதம் ஏறியது. அன்று எந்தப் புதுப் பொருளும் வெளியாகவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இருந்த ஒன்றை மக்கள் எண்களாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையில் மெட்டாவை வைத்துப் பார்க்கலாம். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. மெய்நிகர் உலகம்தான் எதிர்காலம் என்ற தயாரிப்பு உத்தியின் அறிவிப்பு அது. அந்த உலகத்தை உருவாக்கும் பிரிவின் கணக்கு 2022 பிப்ரவரியில் தனியே வெளியானபோது, 2021இல் மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று தெரிந்தது. அதே அறிக்கையில் ஃபேஸ்புக்கின் தினசரிப் பயனர் எண்ணிக்கை முதன்முறையாகச் சற்றுக் குறைந்திருந்தது. செயலிகள் பயனரைப் பின்தொடர அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் தன் கைபேசிகளில் கொண்டுவந்த தனியுரிமை மாற்றத்தால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் விளம்பர வருவாய் போகும் என்றும் மெட்டா சொன்னது. மறுநாள் பங்கு 26 சதவீதம் வீழ்ந்தது. 23,000 கோடி டாலர் அளவுக்கு மதிப்பு போனது. ஓர் அமெரிக்க நிறுவனம் ஒரே நாளில் அதுவரை இழந்ததிலேயே அதுதான் மிகப் பெரிய தொகை. அக்டோபரில் மீண்டும் 24 சதவீதம் சரிந்தது.

நட்டம் என்பதால் முதலீட்டாளர்கள் ஓடினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது சரியான விளக்கமாக எனக்குப் படவில்லை. 2023இல் அந்தப் பிரிவின் நட்டம் இன்னும் அதிகம், சுமார் 1,600 கோடி டாலர். அந்த ஆண்டில் பங்கின் விலையோ ஏறத்தாழ மூன்று மடங்கானது. இடையில் மாறியது என்ன? 2022 நவம்பரில் 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது மெட்டா. 2023 சிக்கனத்துக்கான ஆண்டு என்று அறிவித்தது. விளம்பர வணிகமும் மீண்டது. ஊழியர்களின் வேலையிழப்பு சந்தையில் நல்ல செய்தியாக வாசிக்கப்படுவது என்னை உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் விலை ஏறியதன் காரணம் புரிய வேண்டுமானால் அந்த வாசிப்பையும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. செலவுக்கு ஓர் எல்லை உண்டு என்ற உறுதி கிடைத்தபோது, அதே நட்டத்தோடு வாழ முதலீட்டாளர்கள் தயாரானார்கள். 2022இல் அந்த எல்லை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாக்குரிமையில் பெரும்பகுதி நிறுவனரிடமே இருந்ததால், நிறுத்துங்கள் என்று சொல்லும் பலமும் மற்றவர்களுக்கு இல்லை. பங்கை விற்பது ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த வழி.

இந்தப் பகுதியின் சாரம்: ஒரு நிறுவனம் பொறுமையைக் கேட்கும்போது, எதற்காக, எவ்வளவு செலவில், நடுவழியில் எதைப் பார்த்து நம்புவது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவிப்பு வேறு, வருவாய் வேறு

2023 பிப்ரவரியில் கூகுள், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தன் செயற்கை நுண்ணறிவுச் செயலியான பார்ட் பற்றி வெளியிட்ட விளம்பரத்தில், விண்வெளித் தொலைநோக்கி ஒன்றைப் பற்றிய தவறான பதில் இடம்பெற்றுவிட்டது. அன்றைக்கு அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் குறைந்தது. ஒரு பிழையான விடைக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். தேடலில் கூகுளை அசைக்க முடியாது என்ற எதிர்பார்ப்பு அந்த விலைக்குள் இருந்தது. செயற்கை நுண்ணறிவுப் போட்டியில் அது பின்தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த வேளையில் இந்தப் பிழை வந்தது. பின்னாளில் ஆல்ஃபபெட் மீண்டுவிட்டது. அறிவிப்பு நாளில் நடக்கும் அசைவை நிறுவனத்தின் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே ஆண்டு மே மாதம், கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம், அடுத்த காலாண்டில் 1,100 கோடி டாலர் வருவாய் வரும் என்று வழிகாட்டியது. பகுப்பாய்வாளர்கள் எதிர்பார்த்திருந்தது 720 கோடி அளவு. மறுநாள் பங்கு 24 சதவீதம் உயர்ந்தது. இதன் விதை பழையது. திரையில் படங்களைக் காட்டுவதற்காக உருவான வரைகலைச் சில்லுகளைப் பொதுவான கணக்கீடுகளுக்கும் பயன்படுத்த வழிசெய்யும் கூடா என்ற மென்பொருள் தளத்தை என்விடியா 2006இலேயே அறிவித்துவிட்டது. பல ஆண்டுகளாக அது பெரிய லாபம் எதையும் காட்டவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தேவை பெருகியபோது, ஆய்வாளர்கள் ஏற்கெனவே பழகியிருந்த கருவியாக அது இருந்தது.

எதிர்பார்ப்பு திரும்பி வந்து பொருளை மாற்றும்போது

இதுவரை ஒரு திசையில் மட்டும் பார்த்தோம். எதிர் திசையிலும் ஓட்டம் உண்டு, அது பயனர்களாகிய நம்மைத் தொடுகிறது.

விலகல் விகிதம் குறைவாக இருக்க வேண்டும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்த்தால், நிறுவனத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. விட்டுப்போக மனம் வராத அளவுக்குப் பொருளை மேம்படுத்தலாம். அல்லது வெளியேறும் கதவைக் குறுக்கலாம். சந்தாவை இடையில் ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்ததாகவும், ரத்து செய்வதையே கடினமாக்கியதாகவும் அடோபி மீது அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் சந்தா வணிகம் எந்தப் பக்கம் சாய்ந்துவிடக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் குற்றச்சாட்டே போதும்.

சில நேரங்களில் நிறுவனம் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறது. எத்தனை ஐஃபோன்கள் விற்றன என்ற எண்ணிக்கையை இனி வெளியிடப்போவதில்லை என்று ஆப்பிள் 2018 நவம்பரில் சொன்னது. மறுநாள் பங்கு 7 சதவீதம் அளவுக்கு விழுந்தது. கைபேசி விற்பனை தேங்குகிறது, அதை மறைக்கிறார்கள் என்று பலர் சந்தேகித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரியில், ஆப்பிள் தன் வருவாய் வழிகாட்டுதலைக் குறைத்தபோது அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமும் கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் ஆப்பிள் செயலிக் கடை, இசை, சேமிப்பிடம் போன்ற சேவைகளின் பக்கம் உண்மையாகவே நகர்ந்துகொண்டிருந்தது. மறைப்பும் மாற்றமும் ஒரே முடிவுக்குள் ஒன்றாக இருக்க முடியும். எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். ஒரு நிறுவனம் ஓர் எண்ணைச் சொல்வதை நிறுத்தும்போது, பதிலுக்கு எந்த எண்ணைத் தருகிறது என்று பார்ப்பது என் வழக்கம்.

பொருளை மாற்றுவது, அளவுகோலை மாற்றுவது ஆகிய இரண்டையும் நெட்ஃபிளிக்ஸ் செய்தது. விளம்பரமே கூடாது என்பது அந்த நிறுவனம் பல ஆண்டுகள் பிடிவாதமாகக் காத்த கொள்கை. 2022 ஏப்ரல் சரிவுக்குப் பிறகு ஏழு மாதங்களுக்குள், நவம்பரில், விளம்பரத்தோடு கூடிய மலிவான திட்டம் வந்தது. கடவுச்சொல்லை அடுத்த வீட்டாரோடு பகிர்ந்துகொள்வதை அதுவரை கண்டும் காணாமல் இருந்தார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் தொடர்பில்லாத இரண்டு மாற்றங்களாகத் தெரியும். இரண்டுமே சந்தாதாரர் எண்ணிக்கையையும் ஒவ்வொருவரிடமிருந்து வரும் வருவாயையும் மீண்டும் ஏறவைக்க எடுத்த முடிவுகள்.

எண்ணிக்கை ஏறியது. 2024 இறுதியில் சந்தாதாரர்கள் 30 கோடியைத் தாண்டினார்கள். அந்த எண்ணிக்கையைக் காலாண்டுதோறும் வெளியிடுவதை அத்தோடு நிறுத்திக்கொண்ட நெட்ஃபிளிக்ஸ், 2025 முதல் வருவாயையும் லாப விகிதத்தையும் பார்க்கும்படி முதலீட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரே நாளில் 35 சதவீத மதிப்பை விழச்செய்த அந்த எண் இப்போது காலாண்டு அறிக்கையில் இல்லை.